இலங்கைக்குத் திரும்பும் பிள்ளையை வழியனுப்புவது: கோத்தகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இரு நாடுகளும் பிரித்துக்கொள்ள 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். பாதி உறவு இங்கே இருக்கிறது. மீதிப் பாதி அட்டன், பதுளை, நுவரெலியாவில் இருக்கிறது. அங்கே தாய் தந்தையை இழந்த பிள்ளை இருந்தால், இங்குள்ள சித்தியோ பெரியப்பாவோ விசா எடுக்கச் சொல்லி வரவழைத்துச் சில வாரங்களோ மாதங்களோ வைத்துக்கொள்வது இங்கே புதிதல்ல. வரவேற்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுப்பிவைக்கத்தான் தடுமாறுகிறார்கள்.

கோத்தகிரி பஜாரில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். படிவத்துக்காக வருகிறவர்கள் படிவத்தைப் பற்றி ஏதோ ஒன்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பையனைப் பற்றி மணிக்கணக்கில் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

பையன் திரும்பிப் போகும் தேதியை அவனிடம் எப்போது சொல்ல வேண்டும்?

வந்து இறங்கிய வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கடைசி நேரம்வரை மறைக்கிறார்கள். "இருக்கிற நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைப்பது பெரியவர்களின் கற்பனை. தொலைபேசியில் பேசுவதைக் கேட்டிருப்பான், பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவதைப் பார்த்திருப்பான். தெரிந்ததைத் தெரியாததுபோல நடிக்கும் வேலையையும் சேர்த்து அவன் தலையில் கட்டுகிறோம்.

நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, அவன் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு "இரண்டு மாதம்" என்றால் ஒன்றும் விளங்காது; "கோயில் திருவிழா முடிந்து, அக்காவின் பரீட்சை முடிந்து, அதற்கு அடுத்த ஞாயிறு" என்றால் விளங்கும். பத்து வயதுக்கு மேற்பட்டவனிடம் டிக்கெட்டையே காட்டலாம்.

போகும்போது என்னென்ன தாள்கள் கையில் இருக்க வேண்டும்?

கடவுச்சீட்டு, விசாவின் அச்சுப்படி, டிக்கெட் என்பவை எல்லோரும் அறிந்தவை. அவற்றோடு, இலங்கையில் அவனுக்குப் பொறுப்பான பாதுகாவலரின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் நகல், கொழும்பில் அவனை அழைத்துக்கொள்ள வருகிறவரின் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். சிறுவர் இல்லத்திலிருந்து வந்த பிள்ளை என்றால், அங்குள்ள நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடமிருந்து வரும்போது பெற்ற அனுமதிக் கடிதமும் திரும்பும்போது தேவைப்படும். வந்ததும் அதை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோகிறார்கள்.

இங்கே தங்கியிருந்தபோது காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டுகளையும் சேர்த்துக் கட்டுங்கள். தடுப்பூசி ஏதாவது போட்டிருந்தால் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

சி படிவம் என்று ஏதோ சொல்கிறார்களே, உறவுக்காரப் பையனுக்குமா அது?

ஆம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் யார் வீட்டில் தங்கினாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையம் வழியாகத் தகவல் தர வேண்டும். ஒரே ரத்தம், ஒரே மொழி, ஒரே குலதெய்வம் என்பதெல்லாம் அந்தப் படிவத்துக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஊட்டியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவில் கேட்கலாம்.

ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொண்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

விசாவில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. விசா எந்தத் தேதிவரை செல்லும் என்பது ஒன்று. ஒரு முறை வந்தால் தொடர்ந்து எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. முதல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 30 நாள் மின்விசாவை நீட்டிக்க முடியாது. காலம் கடந்தால் அபராதமும், வெளியேறுவதற்குத் தனி அனுமதியும், விமான நிலையத்தில் கேள்விகளும் வரும். அடுத்த முறை அவன் விண்ணப்பிக்கும்போது இந்தப் பழைய பதிவு குறுக்கே நிற்கும். ஒரு மாத ஆசைக்காக அடுத்த வருகையையே அடகு வைப்பது என் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

சிலர் "இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டால்?" என்று கேட்கிறார்கள். சுற்றுலா விசாவில் முழுநேரப் பள்ளிப்படிப்பு கிடையாது. அதற்கு மாணவர் விசா வேண்டும். அங்கே அவனுடைய வகுப்பு அவனுக்காகக் காத்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். தரம் 5-இல் படிப்பவனாக இருந்தால் அங்கே புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. மலையகப் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்குப் போகும் வாசல்களில் அது முக்கியமானது.

எங்களை அம்மா, அப்பா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். விடலாமா, திருத்தலாமா?

அதட்டித் திருத்த வேண்டாம். நீங்களாகச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். நம் உறவு முறையில் சித்தியும் பெரியம்மாவும் ஏற்கெனவே அம்மாக்கள்தாம். பக்கத்து வீட்டாரிடம் பேசும்போது அவன் காதுபட "இவன் என் அக்கா மகன், இங்கே வந்திருக்கிறான்" என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். அவனுடைய தாயின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்காமல் தவிர்ப்பதுதான் தவறு. அவள் சிறுவயதில் எப்படி இருந்தாள் என்று தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அதைச் சொல்லுங்கள். உறவு வீட்டில் மட்டுமே அவனுக்குக் கிடைக்கக்கூடிய பொருள் அது. எந்தச் சிறுவர் இல்லத்திலும் கிடைக்காது.

இத்தனை நாள் தங்கமாக இருந்தவன், போகும் நாள் நெருங்க நெருங்க அடாவடி செய்கிறான். ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. தட்டைத் தள்ளுவான், தங்கையைக் கிள்ளுவான், "உங்கள் வீட்டுச் சோறு எனக்குப் பிடிக்கவே இல்லை" என்பான். விட்டுப்போக வேண்டியவர்கள் மேல் கோபம் இருந்தால் விட்டுப்போவது எளிது என்று அவன் மனம் கண்டுபிடித்திருக்கிறது. சில பிள்ளைகள் நேர்மாறாக, ஒரு வார்த்தையும் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் இதே வகைதான். இரண்டில் பேசாமல் இருப்பவனைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தொந்தரவு தராததால் அவனை மறந்துவிடுவோம்.

கிள்ளினால் கிள்ளக் கூடாது என்று சொல்லுங்கள். போகப்போகிறவன்தானே என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால், தான் ஏற்கெனவே விருந்தாளி ஆகிவிட்டோம் என்று புரிந்துகொள்வான். தினமும் அவன் செய்யும் வேலை எதுவோ, கோழிக்குத் தீனி வைப்பதோ பால் வாங்கி வருவதோ, அது கடைசி நாள்வரை அவனுடையதாகவே இருக்கட்டும்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே காரில் ஏற்றிவிட்டால் அழாமல் போய்விடுவானே?

வேண்டாம். இது நம் ஊரில் காலம்காலமாகக் கையாளும் தந்திரம்: பிள்ளை கடைக்குப் போயிருக்கும்போது தாய் வேலைக்குப் புறப்பட்டுவிடுவாள். மாலையில் திரும்பிவரும் தாய்க்கு அது சரியாக இருக்கலாம். பெற்றோரை இழந்த பிள்ளையிடம் செய்யக் கூடாது. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியாபெத்தை தோட்டத்தில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனபோது, காலையில் பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. கண்விழித்தால் ஆட்கள் காணாமல் போயிருப்பார்கள் என்பதை ஏற்கெனவே ஒரு முறை கற்றுக்கொண்ட பிள்ளைக்கு மறுபடியும் அதே பாடத்தை நடத்த வேண்டியதில்லை.

பிரிவு வேறு, சாவு வேறு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "நீ அங்கே இருப்பாய், நாங்கள் இதே வீட்டில் இருப்போம், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்" என்ற அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது, முகம் கழுவி, சாப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு புறப்படட்டும். அழுதால் அழட்டும்.

டிக்கெட் தேதி அஷ்டமியில் விழுந்துவிட்டது. மாமியார் மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?

விசா முடியும் தேதியைப் பார்த்தபிறகு பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தேதியை மாற்ற இடம் இருந்தால் மாற்றலாம். இல்லாவிட்டால் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடும் பரஸ்தானம் இருக்கவே இருக்கிறது. திருச்சிப் பக்கம், அதாவது கிழக்கே, திங்களும் சனியும் சூலம் என்றால் தயிர்தான் பரிகாரம். ஒரு வாய் தயிர்ச்சோறு ஊட்டி அனுப்பினால் மாமியாருக்கும் நிம்மதி, மலைப்பாதையில் பையனின் வயிற்றுக்கும் நல்லது. டிக்கெட் மாற்றும் கட்டணத்தைவிடத் தயிர் மலிவு.

எங்கள் பாட்டி இப்போதே ஒப்பாரி வைக்கிறார். பையன் பயப்படுகிறான். பாட்டியை அடக்குவதா?

பாட்டி அழுவது இந்தப் பையனுக்காக மட்டும் இல்லை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு அங்கே ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அக்கா அந்த நாட்டுக் கணக்கில், தங்கை இந்த நாட்டுக் கணக்கில் என்று ஒரு லயத்து வீட்டையே ஒப்பந்தம் இரண்டாக வகுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்களாக எழுதியிருந்தார்கள். மிச்சம் வைத்தவர்களை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ரயில் மேடையில் நின்று கைகாட்டிய முகங்களில் பலவற்றைப் பாட்டி அதன்பிறகு பார்த்ததே இல்லை. மண்டபம் முகாமில் இறங்கி, மலை ஏறி, தேயிலைக் கொழுந்தைக் கிள்ளத் தொடங்கியவர் அவர்.

ஆகவே அடக்க வேண்டாம். ஆனால் அவருடைய துக்கத்தைத் தாங்கும் பொறுப்பு பிள்ளையுடையது அல்ல. புறப்படும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பு, பாட்டியும் பையனும் உட்கார்ந்து பேசட்டும். அந்தத் தோட்டம், அந்த ரயில், அந்தக் கப்பல் எல்லாவற்றையும் அவர் கதையாகச் சொல்லட்டும். கதையாகச் சொல்லும்போது பயம் குறைந்து, "அப்புறம் என்ன ஆச்சி?" என்று அவன் கேட்கத் தொடங்குவான். இன்றைக்குக் கப்பலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை, திருச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் என்பதைப் பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்ன வாங்கிக் கொடுத்து அனுப்பலாம்?

முதலில் வேண்டாதவற்றைச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தேயிலைத் தூள் வேண்டாம். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கட்டித்தான் கொடுக்கிறார். பிளம்ஸ், பேரிக்காய், விதை உருளைக்கிழங்கு, பூச்செடிக் கன்று எதுவும் வேண்டாம். செடி கொடி, விதை, பழங்களுக்குத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் உண்டு, எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள். நீலகிரித் தைலம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்துக்கு அனுமதி இல்லை, சிறுவன் கையில் கொடுக்கக்கூடிய பொருளும் அல்ல.

வர்க்கி பிஸ்கட் எடுத்துப் போகலாம், நொறுங்காமல் டப்பாவில் அடைத்துக் கொடுங்கள். குளிர்ச்சட்டை உபயோகப்படும், நுவரெலியாவும் கோத்தகிரியும் ஏறக்குறைய ஒரே உயரம், 6,000 அடியை ஒட்டியவை. எல்லாவற்றையும்விட, அச்சடித்த புகைப்படங்கள். போனில் இருக்கும் படம் போன் உடைந்தால் போய்விடும். அவனுடைய தாயோ தந்தையோ சிறுவயதில் இருக்கும் படம் உங்களிடம் இருந்தால், அதைப் பிரதி எடுத்து ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அங்கே அவனோடு வளரும் மற்றப் பிள்ளைகளையும் நினையுங்கள். இவன் ஒருவன் மட்டும் புதுச் சப்பாத்தோடு லயத்தில் போய் இறங்கினால் அன்று மாலையே சண்டை வரும். பகிர்ந்து சாப்பிடக்கூடிய மிட்டாய்ப் பொட்டலம் பெரியதாகவும், அவனுக்கு மட்டுமான பரிசு சிறியதாகவும் இருக்கட்டும்.

நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்தால் தினமும் முகம் பார்த்துப் பேசலாமே?

போன் அவனுக்கா, உங்களுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவனை வளர்க்கும் அம்மாயியிடமோ இல்லத்துப் பொறுப்பாளரிடமோ கேட்காமல் போனைக் கொடுத்தனுப்புவது அவர்கள் தலைக்கு மேலாகப் போவதாகும். அவர்கள் சம்மதித்தால், பெரியவர் கையில் இருக்கும்படி ஒன்றைக் கொடுக்கலாம்.

அடுத்த வருடம் மறுபடி கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பலாமா?

உங்கள் கையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். போன் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை போடுவதும் உங்கள் கையில்தான். விசாவும், அங்குள்ள பாதுகாவலரின் சம்மதமும், அடுத்த வருடம் உங்கள் வீட்டு வரவு செலவும் அப்படி அல்ல. "கூப்பிட முயற்சி செய்வோம், முடியாமலும் போகலாம்" என்று சொன்னால் முகம் வாடும். நம்பியிருந்து ஏமாந்தால் வாடுவது முகம் மட்டுமாக இருக்காது.

கோத்தகிரியிலிருந்து விமானம் பிடிக்க எப்போது கிளம்ப வேண்டும்? பையனைத் தனியாக ஏற்றிவிடலாமா?

மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோயம்புத்தூர் சுற்றியோ அவிநாசி வழியாகவோ திருச்சி. சாப்பாட்டு நிறுத்தங்களோடு ஆறேழு மணி நேரம் வையுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் முதல் நாளே மலை இறங்கிச் சமவெளியில் தங்கிவிடுங்கள். கீழேயிருந்து வாடகைக் கார் வரவழைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2024 மே முதல் வெளி வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும், நம்முடைய டிஎன் 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை.

தனியாகப் பறக்கும் சிறுவர்களுக்கு விமான நிறுவனங்கள் துணை ஊழியர் ஏற்பாடு செய்து தருகின்றன. பொதுவாக 5 வயது முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இது. வயது வரம்பும் கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கட்டுநாயக்காவில் இறங்கியபிறகு அட்டனுக்கு இன்னும் நாலைந்து மணி நேர மலைப்பாதை இருக்கிறது. அழைக்க வருகிறவர் யார் என்பதைப் பையனுக்குப் படத்தில் காட்டி வையுங்கள்.

இன்னொன்று: டிக்கெட் இல்லாதவர்களை விமான நிலையத்துக்குள் விடமாட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் முன்னால், பின்னாலிருப்பவர்கள் தள்ளுவண்டியால் இடிக்க, விடைபெறுவதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. சொல்ல வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். முழுக் குடும்பமும் வேன் பிடித்துத் திருச்சிவரை போக வேண்டியதில்லை. அழாமல் தாள்களைப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவர் போதும்.

தத்தெடுத்துவிட்டால் அனுப்பவே வேண்டாம் அல்லவா?

வந்திருக்கும் விசாவைக் கொண்டு இங்கேயே தத்தெடுக்க முடியாது. வேற்று நாட்டுப் பிள்ளையைத் தத்தெடுப்பது அந்த நாட்டுச் சட்டப்படி, அந்த நாட்டில் நடக்க வேண்டியது. இந்தியாவும் இலங்கையும் 1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இருக்கின்றன. இங்கே மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையமும் அங்கே நன்னடத்தைத் திணைக்களமும் பேசி முடிக்க வேண்டும். கோத்தகிரியில் முத்திரைத்தாள் வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. கேட்டு வருகிறவர்களுக்கு நான் அதை எழுதிக் கொடுப்பதும் இல்லை.

இலங்கை இதில் கண்டிப்பாக இருக்கக் காரணம் இருக்கிறது. 1980-களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போனார்கள். பலருடைய ஆவணங்கள் பொய்யானவை என்று பின்னால் தெரிந்தது. வளர்ந்தபிறகு பெற்ற தாயைத் தேடிவந்து நின்றவர்களுக்குத் தவறான பெயர்களும் முகவரிகளும்தான் கிடைத்தன. உண்மையிலேயே தத்தெடுக்க நினைத்தால், பையனை உரிய நாளில் அனுப்பிவிட்டு, முறைப்படி விண்ணப்பியுங்கள். முடிவு தெரியும்வரை அவன் காதில் போட வேண்டாம்.

"நான் போகமாட்டேன், அங்கே என்னை அடிப்பார்கள்" என்கிறான். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

இந்தப் பக்கத்திலேயே அவசரமான கேள்வி இதுதான். போக மனமில்லாத பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள்: வெந்நீர் இல்லை, கார்ட்டூன் இல்லை, சிங்களப் பாடம் வேண்டாம். அவற்றை ஆறுதலாகக் கேட்டுக்கொண்டால் போதும். அடி, பட்டினி, யாரோ தொடக் கூடாத இடத்தில் தொடுவது என்று வந்தால் அது வேறு. "சும்மா சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்டு வார்த்தைகளை அவன் வாயில் போடவும் கூடாது. அவன் சொன்னதை அவன் சொன்ன சொற்களிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள்.

அடுத்ததாகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். இந்திய மண்ணில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அது பொருந்தும். கடவுச்சீட்டின் நிறம் தடையல்ல. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அவனை விசாரித்து, அங்குள்ள அதிகாரிகளோடு பேச முடியும். இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண் 1929. பயந்துபோய் பையனை உறவினர் வீடுகளில் மாற்றி மாற்றி ஒளித்துவைப்பது மட்டும் கூடாது. உண்மையில் அடித்தவர் தப்பிப்பார், ஆட்கடத்தல் குற்றச்சாட்டு உங்கள் மேல் திரும்பும்.

எங்கள் மகள் அவனோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். அவளுக்கு என்ன சொல்வது?

அவனுக்குச் சொன்ன அன்றே, அதே வட்டமிட்ட நாள்காட்டியைக் காட்டி அவளுக்கும் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளின் துக்கத்தை "உனக்குத்தான் அம்மா அப்பா இருக்கிறார்களே" என்று அடைத்துவிடுகிறோம். அவள் இழப்பது அவளுக்குப் பெரிதுதான். சில பிள்ளைகளுக்கு அவன் போனதில் சந்தோஷமும் கலந்திருக்கும், கட்டில் திரும்பக் கிடைத்ததே என்று. அதற்கும் திட்ட வேண்டாம்.

போன் செய்தால் "ம்" என்கிறான், ஓடிவிடுகிறான். எங்களை மறந்துவிட்டானா?

இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு வீடுகளில் வசிப்பது அவனுக்கு முடியவில்லை. போனவுடன் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும். வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட நேரத்தில் கூப்பிடுங்கள். இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றுதான் என்பதால் குழப்பம் இல்லை. முதலில் அவனை வளர்ப்பவரிடம் பேசுங்கள். அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். "என்னை நினைக்கிறாயா?" என்று கேட்காமல், நாய் குட்டி போட்டதையும், கரடி இறங்கித் தோட்டத்துப் பக்கம் வந்ததையும் சொல்லுங்கள்.

அழைப்பில் அங்குள்ள வீட்டைக் குறை சொல்லாதீர்கள். "அங்கே என்னடா சாப்பாடு, இங்கே இருந்திருந்தால்..." என்று ஆரம்பிக்கும் அத்தைகளிடமிருந்து போனை வாங்கிவிட வேண்டும்.

மாதாமாதம் கொஞ்சம் பணம் அனுப்ப வழி உண்டா?

வங்கி வழியாக அனுப்பலாம். இந்தியாவில் வசிப்பவர் பரிசாகவோ உறவினர் பராமரிப்புக்காகவோ வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளமயத் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆண்டு வரம்பு 2,50,000 அமெரிக்க டாலர். நம்மில் யாரும் அதைத் தொடப் போவதில்லை. பான் அட்டை வேண்டும். சிறு தொகைக்குக் கட்டணமே கடித்துவிடும் என்பதால், மாதாமாதம் அனுப்புவதைவிட, பள்ளித் தவணை தொடங்கும்போது சேர்த்து அனுப்புவது மேல். உண்டியல் முறையில், அதாவது வங்கியைத் தொடாமல் தரகர் மூலமாக, அனுப்ப ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம்.

வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. உடனே வேறு ஒரு பிள்ளையை வரவழைக்கலாமா?

உடனே வேண்டாம். வருகிற பிள்ளை போனவனின் படுக்கையில் படுத்து, போனவனோடு ஒப்பிடப்பட்டு வளரும். போனவனுக்கும் செய்தி எட்டும்.

சில மாதங்களுக்குப் பிறகும் எண்ணம் மாறவில்லை என்றால், நம் மாவட்டத்திலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊட்டியில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வளர்ப்புப் பராமரிப்புக்குப் பதிவு செய்யலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. விசாவும் விமானமும் தேவைப்படாது. வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், குடும்பத்தில் எல்லோரிடமும் பேசுவார்கள், நேரம் பிடிக்கும். இலங்கையிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்பவர்கள் கடைக்கு வரும்போது சென்ற முறை வைத்திருந்த கோப்பையும் எடுத்து வாருங்கள். பழைய விசா எண்ணும் வந்துபோன தேதிகளும் கேட்கப்படும்.